543-இல் ஒன்று: தேசியக் கட்சிகளின் தேர்தலும் புதுச்சேரியின் மாநில அந்தஸ்தும்

மக்களவையில் உள்ள 543 இடங்களில் புதுச்சேரிக்கு ஒன்றே ஒன்று. மாநிலங்களவையிலும் ஒன்றுதான். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் புதுச்சேரி, காரைக்கால், ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாம், கேரளக் கரையில் இருக்கும் மாகே ஆகிய நான்கு பிராந்தியங்களும், 30 சட்டமன்றத் தொகுதிகளும், சுமார் பத்து லட்சம் வாக்காளர்களும் சேர்ந்து ஒரே ஒரு எம்.பி.யை டெல்லிக்கு அனுப்புகிறார்கள். அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், பிரதமர் யார் என்பதை அவருடைய வாக்கு தனியாகத் தீர்மானிப்பது மிக அரிது. ஆனால் புதுச்சேரியின் முதல்வருக்கு என்ன அதிகாரம், பட்ஜெட்டுக்கு யார் ஒப்புதல், கோப்பில் யார் கையெழுத்து என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது டெல்லிதான்.

புதுச்சேரி அரசியலின் மையச் சிக்கல் இந்த ஏற்றத்தாழ்வுதான். மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டமன்றம் 1980-களிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டிருக்கிறது. காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., என்.ஆர். காங்கிரஸ், இடதுசாரிகள் என எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கோரிக்கையோடு நின்றவர்கள். இருந்தும் ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலிலும் கோரிக்கை மேடையேறுகிறது, தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடுகிறது. ஒரு சிறிய மக்கள் கூட்டத்தின் தேவை, பெரிய கட்சிகளின் தேர்தல் கணக்கில் ஏன் கரைந்துபோகிறது என்பதைப் புரிந்துகொள்ள வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கீழூரில் பதிந்த வாக்குகள்

வில்லியனூர் கொம்யூனில் (பிரெஞ்சுக் கால உள்ளாட்சிப் பிரிவு) இருக்கும் கீழூர் என்ற சிற்றூரில், 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த நாளே இன்றும் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்த வாக்கெடுப்புக்கு முன்பே கிராமப்புறக் கொம்யூன்கள் பிரெஞ்சு ஆட்சியை உதறத் தொடங்கியிருந்தன. 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. மண்ணாடிப்பட்டு, பாகூர் பகுதிகளும் அதே வேகத்தில் இயங்கின. அதற்கும் முன்னால், 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் வளர்ந்த தொழிலாளர் இயக்கம் விடுதலைப் போராட்டத்துக்கு அடித்தளம் ஆனது. புதுச்சேரியின் விடுதலை, பிரிட்டிஷ் இந்தியாவின் விடுதலையோடு சேர்ந்து தானாக வந்துவிடவில்லை. ஏழு ஆண்டுகள் பின்னால், தனிப் போராட்டத்தால், தனி ஒப்பந்தத்தால் வந்தது.

1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கையில் ஒரு முக்கியமான பிரிவு உண்டு. இந்தப் பகுதிகள் 1954 நவம்பருக்கு முன் பெற்றிருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதில் பின்னாளில் அரசியலமைப்பு மாற்றம் ஏதும் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல் ஒப்புதல் அளித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தது. மக்களின் விருப்பம் என்ற இந்தக் கொள்கைதான் புதுச்சேரியின் எல்லா உரிமைக் கோரிக்கைகளுக்கும் வேர்.

அதிகாரத்தின் எல்லைகள்

அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் 1962-இல் புதுச்சேரியை யூனியன் பிரதேசங்களின் பட்டியலில் சேர்த்தது. 239-ஏ என்ற புதிய பிரிவு சட்டமன்றத்துக்கு வழி செய்தது. 1963-இல் வந்த யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின்படி அதே ஆண்டு ஜூலை 1 அன்று புதுச்சேரிக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் கிடைத்தன. எதுவார் குபேர் முதல் முதல்வரானார்.

இந்தச் சட்டம் தரும் ஆட்சி, மாநில ஆட்சியைப் போலத் தோன்றும். ஆனால் அடிப்படையில் வேறு. முதலாவது, துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும், அதாவது மத்திய உள்துறைக்குப் போகும். அவசரம் என்று கருதினால், முடிவு வரும்வரை துணைநிலை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். இரண்டாவது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும். டெல்லி ஒப்புதல் தாமதமானால் புதுச்சேரியில் முழு பட்ஜெட்டும் தாமதமாகும். மூன்றாவது, 30 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்க, மேலும் மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். நான்காவது, மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி வராது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மாநிலங்களோடு சேர்ந்து உட்காரும் புதுச்சேரி, வரிப் பகிர்வு என்று வரும்போது வெளியே நிற்கிறது. மத்திய உள்துறையின் ஒதுக்கீட்டிலிருந்து வரும் மானியத்தை நம்பியே இருக்க வேண்டும். ஐந்தாவது, புதுச்சேரிக்குத் தனித் தேர்வாணையம் கிடையாது. உயர் அதிகாரிகள் பல யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான பணித்தொகுப்பிலிருந்து வந்து, சில ஆண்டுகளில் மாறிப் போகிறவர்கள்.

இவையெல்லாம் சட்டப் புத்தகத்தோடு நிற்பவை அல்ல. திருபுவனையில் கூட்டுறவு நூற்பாலைத் தொழிலாளரின் சம்பளப் பாக்கி, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்த விவசாயியின் நிலுவை, அரசுப் பணியிடங்களை நிரப்பும் கோப்பு என எதுவும் கடைசியில் நிதி ஒப்புதல் என்ற வாசலில்தான் போய் நிற்கிறது. அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் கோப்பு முடியாமல் இருக்க முடியும் என்பதே இந்த அமைப்பின் இயல்பு.

1979: ஒரு தேசியக் கட்சி கற்ற பாடம்

புதுச்சேரியின் தனித்தன்மையை டெல்லி எப்படிப் பார்த்தது என்பதற்கு 1979 ஜனவரி மறக்க முடியாத சான்று. மொரார்ஜி தேசாய் தலைமையிலான ஜனதா அரசு, சிறிய யூனியன் பிரதேசங்களை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டோடு, மாகே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திரத்தோடு என்ற பேச்சு எழுந்தது. 1978 நவம்பரில் அ.தி.மு.க. ஆட்சி கவிழ்ந்திருந்ததால் புதுச்சேரி அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லாத நேரத்தில், மக்களைக் கேட்காமலேயே அவர்களுடைய அரசியல் இருப்பைப் பற்றிப் பேசியதுதான் கோபத்தை மூட்டியது.

கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மத்திய அரசு யோசனையைக் கைவிட்டது. மொழியால் தமிழர்கள், திருமண உறவால் விழுப்புரத்தோடும் கடலூரோடும் பின்னிப் பிணைந்தவர்கள், தமிழகத் திராவிடக் கட்சிகளுக்கே மாறி மாறி வாக்களித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் தமிழ்நாட்டோடு இணைய மறுத்தார்கள். மொழி வேறு, ஆளுகை வேறு என்ற தெளிவு அந்த மறுப்பில் இருந்தது.

அதன் விளைவு தேர்தலில் தெரிந்தது. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1974-இல், முதன்முதலாக அமைச்சரவை அமைத்த இடம் புதுச்சேரி. 1977-இலும் அங்கே ஆட்சி பிடித்தது. இணைப்பு விவகாரத்தில் மக்களின் கோபத்துக்கு ஆளான அதே கட்சி 1980 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை. நாடாளுமன்றத் தொகுதியையும் காங்கிரஸின் ப. சண்முகம் கைப்பற்றினார். புதுச்சேரி மக்கள் ஓர் அரசியல் கேள்வியை முன்வைத்து ஒரே குரலில் வாக்களித்தால் அதன் தாக்கம் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஒரே தொகுதி, பல கட்சிகள்

1967 முதல் 2024 வரை நடந்த 15 பொதுத்தேர்தல்களில் 11 முறை புதுச்சேரியைக் காங்கிரஸ் வென்றிருக்கிறது. 1971-இல் வென்ற மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சராக இருந்தபோதே 1973 விமான விபத்தில் இறந்தார். ப. சண்முகம் மூன்று முறையும், முன்னாள் முதல்வர் ஃபரூக் மரைக்காயர் மூன்று முறையும் வென்றார்கள். 1977-இல் அ.தி.மு.க.வின் அரவிந்த பாலா பழனூர், 1998-இல் தி.மு.க.வின் சி. ஆறுமுகம், 2004-இல் பா.ம.க.வின் பொருளாதாரப் பேராசிரியர் மு. இராமதாஸ், 2014-இல் என்.ஆர். காங்கிரஸின் ஆர். ராதாகிருஷ்ணன் ஆகிய நால்வரே காங்கிரஸ் அல்லாதவர்கள். 2019-இலும் 2024-இலும் காங்கிரஸின் வெ. வைத்திலிங்கம் வென்றார்.

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, மத்தியில் ஆளும் கூட்டணியின் எம்.பி.யைப் புதுச்சேரி பலமுறை அனுப்பியிருக்கிறது. இந்திரா காலத்திலும், ராஜீவ் காலத்திலும், நரசிம்மராவ் காலத்திலும், மன்மோகன் சிங்கின் பத்தாண்டுகளிலும், மோடியின் முதல் ஐந்தாண்டுகளிலும் அப்படித்தான். 2009-இல் வென்ற வெ. நாராயணசாமி பிரதமர் அலுவலகத்திலேயே இணை அமைச்சராக இருந்தார். ஆளும் தரப்போடு இருந்தால் மாநில அந்தஸ்து கிடைத்துவிடும் என்ற வாதத்தை இந்த வரலாறு ஏற்கவில்லை.

இரண்டாவது, புதுச்சேரி வாக்காளர் சட்டமன்றத்துக்கு ஒரு விதமாகவும் நாடாளுமன்றத்துக்கு வேறு விதமாகவும் வாக்களிக்கக் கற்றிருக்கிறார். 2021-இல் என்.ஆர். காங்கிரஸ் - பா.ஜ.க. கூட்டணிக்கு ஆட்சியைக் கொடுத்த அதே மக்கள், 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த வாக்குப்பதிவில், அந்த அரசின் உள்துறை அமைச்சரான பா.ஜ.க. வேட்பாளர் ஆ. நமச்சிவாயத்தை 1,36,516 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். உள்ளூர் ஆட்சிக்கு உள்ளூர் முகம், டெல்லிக்கு டெல்லியின் போட்டி என்று இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். இதனால் உள்ளூர்க் கோரிக்கை நாடாளுமன்றத் தேர்தலின் கேள்வியாக மாறுவதில்லை. மோடியா ராகுலா என்ற கேள்வியின் நடுவே மாநில அந்தஸ்து மூன்றாவது இடத்துக்குப் போய்விடுகிறது.

என்.ஆர். காங்கிரஸின் பாதை

2001-இல் காங்கிரஸ் முதல்வரான என். ரங்கசாமி, 2008-இல் கட்சித் தலைமையின் முடிவால் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு வைத்திலிங்கம் வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வரை டெல்லித் தலைமை மாற்றுகிறது என்ற மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் 2011 பிப்ரவரியில் ரங்கசாமி தொடங்கிய அகில இந்திய என்.ஆர். காங்கிரஸ். மூன்றே மாதங்களில் 15 இடங்களை வென்று ஆட்சிக்கு வந்தது. திருபுவனை தனித் தொகுதி போன்ற கிராமப்புறத் தொகுதிகள் அதற்கு வலுவாக நின்றன. திருபுவனை 2011-லும் 2016-லும் அந்தக் கட்சிக்கே வாக்களித்தது, 2021-இல் சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது.

மாநில அந்தஸ்துதான் அக்கட்சியின் முதல் கொள்கை. அதைப் பெறுவதற்கு அது தேர்ந்தெடுத்த வழி, டெல்லியில் ஆளப்போகும் கட்சியோடு கூட்டணி. 2014-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்து, 60,854 வாக்கு வித்தியாசத்தில் நாராயணசாமியைத் தோற்கடித்து எம்.பி.யைப் பெற்றது. ஆனால் பா.ஜ.க.வுக்கு அந்தத் தேர்தலில் தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டது. 282 இடங்கள் வைத்திருக்கும் கட்சிக்கு 283-ஆவது வாக்கின் விலை மிகக் குறைவு. 2016 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்ற என்.ஆர். காங்கிரஸ் எட்டு இடங்களோடு எதிர்க்கட்சியானது. 2019-இல் மீண்டும் கூட்டணியில் நின்று தோற்றது. 2021-இல் பா.ஜ.க.வோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. 2024-இல் தன் சொந்தத் தொகுதியையே கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தது.

விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று பார்த்தால் கணக்கு சரியாக வரவில்லை. 2021-இல் என்.ஆர். காங்கிரஸ் பத்து இடங்களும் பா.ஜ.க. ஆறு இடங்களும் வென்றன. ரங்கசாமி முதல்வராகப் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே மத்திய அரசு மூன்று நியமன உறுப்பினர்களை அறிவித்தது, மூவரும் பா.ஜ.க.வினர். சட்டமன்றத்தில் தேசியக் கட்சியின் பலம் ஒன்பதானது. மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியபோதும், புதுச்சேரி யூனியன் பிரதேசமாகவே தொடரும் என்ற நிலையை மத்திய அரசு மாற்றிக்கொள்ளவில்லை.

எதிரணியில் ஆதரவு, ஆட்சியில் மௌனம்

இந்தக் குறை ஒரு கட்சிக்கு மட்டும் உரியது என்று எழுதினால் அது நேர்மையாகாது. 2016-இல் அமைந்த நாராயணசாமி அரசு, துணைநிலை ஆளுநர் கிரண் பேடியோடு ஐந்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. இலவச அரிசியைப் பணமாகக் கொடுப்பதா அரிசியாகவே கொடுப்பதா என்பதில்கூட முடிவு மேலிடத்துக்குப் போனது. 2017 ஜூலையில் அமைச்சரவையைக் கேட்காமலேயே மூன்று நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் சட்டப்படி செல்லும் என்றது. 2021 பிப்ரவரி 22 அன்று அந்த அரசு பெரும்பான்மை இழந்தபோது, ஆளும் தரப்பில் 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்த 14-இல் மூன்று பேர் நியமன உறுப்பினர்கள். மக்கள் ஒரு வாக்கும் போடாத மூன்று உறுப்பினர்கள், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கணக்கை மாற்றிய நாள் அது.

காங்கிரஸ் இதைக் கண்டித்தது நியாயம். 2019 தேர்தல் அறிக்கையில் புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்து தருவதாகவும் அது வாக்களித்தது. தி.மு.க.வும் 2024 தேர்தல் அறிக்கையில் அதையே சொன்னது. ஆனால் 2004 முதல் 2014 வரை மத்தியில் காங்கிரஸும் அதன் கூட்டாளிகளும் ஆண்டார்கள், அதில் பெரும்பகுதி புதுச்சேரியிலும் காங்கிரஸ் ஆண்டது, எம்.பி.யும் அந்தக் கூட்டணியைச் சேர்ந்தவரே. அந்தப் பத்தாண்டுகளில் மாநில அந்தஸ்துச் சட்டம் வரவில்லை. பா.ஜ.க.வும் 2021 பிரசாரத்தில் வணிகம், கல்வி, ஆன்மிகம், சுற்றுலா ஆகிய நான்கின் மையமாகப் புதுச்சேரியை மாற்றுவதாகப் பேசியது. அந்தப் பட்டியலில் அதிகாரப் பகிர்வு இல்லை.

கட்சியின் நிறம் எதுவானாலும் டெல்லியில் உட்காருபவருக்குப் புதுச்சேரியின் மேல் நேரடிப் பிடி வசதியாக இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் காலூன்ற முடியாத தேசியக் கட்சிக்கு, தமிழ் பேசும் ஒரு சட்டமன்றத்தில் செல்வாக்கு கிடைக்கிறது. அந்த வசதியைத் தானாக விட்டுக்கொடுக்க எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லை.

வேல்ஸ் தரும் ஒப்பீடு

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் 31 லட்சம் மக்கள் வாழும் வேல்ஸ், இதே சிக்கலோடு நூறாண்டுகளாக வாழ்கிறது. அங்கே 1925-இல் பிறந்த பிளைட் கம்ரி என்ற தேசியவாதக் கட்சியின் பார்வை எளிமையானது: லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டுமே லண்டன் கட்சிகள், இங்கிலாந்தின் வாக்குகளே இரண்டுக்கும் முக்கியம், பொதுத்தேர்தலில் எது வென்றாலும் வேல்ஸின் நிலை மாறாது.

அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகள் வலுவானவை. லிவர்பூல் நகரின் தண்ணீருக்காக ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. வேல்ஸ் எம்.பி.க்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தும் பயனில்லை. கேப்பல் கெலின் என்ற வேல்ஷ் மொழிக் கிராமம் 1965-இல் நீரில் மூழ்கியது. அடுத்த ஆண்டே கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று க்வின்ஃபர் எவன்ஸ் அக்கட்சியின் முதல் எம்.பி.யானார். அண்மையில், இங்கிலாந்துக்குள் மட்டும் ஓடும் அதிவேக ரயில் பாதையை இங்கிலாந்து - வேல்ஸ் பொதுத் திட்டம் என்று வகைப்படுத்தியதால், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த ஈட்டு நிதி வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. 2024 பொதுத்தேர்தலில் வேல்ஸின் 32 இடங்களில் லேபர் 37 சதவீத வாக்குகளோடு 27 இடங்களையும், பிளைட் கம்ரி 4 இடங்களையும் பெற்றன. வேல்ஸ் எம்.பி.க்கள் எவ்வளவு பெரும்பான்மையாக ஒரு கட்சியில் இருந்தாலும், அந்தக் கட்சி அவர்களைச் சார்ந்து நிற்காதவரை பேரம் கிடையாது என்பது பிளைட் கம்ரியின் வாதம்.

பேரம் வாய்த்த ஒரு தருணத்தை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் கேலகன் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது பிளைட் கம்ரிக்கு மூன்று எம்.பி.க்கள். பலகைக்கல் சுரங்கத் தூசியால் நுரையீரல் பழுதான தொழிலாளர்களுக்கு இழப்பீடு என்ற ஒரே கோரிக்கையை வைத்து அரசை ஆதரித்தார்கள். அரசு 311-க்கு 310 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது, ஆனால் இழப்பீடு தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. சிறிய கட்சி எதைக் கேட்க வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தால், தோற்கும் அரசிடமிருந்தும் தன் மக்களுக்கு ஒன்றைப் பெற முடியும்.

இந்தியாவிலும் அப்படியொரு நாள் வந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அப்போது புதுச்சேரியின் உறுப்பினர் தி.மு.க.வைச் சேர்ந்தவர். தி.மு.க. வாஜ்பாய் பக்கம் நின்றது. ஒவ்வொரு வாக்கும் பொன்னாக மதிக்கப்பட்ட அந்த நாளில், புதுச்சேரியின் ஒற்றை வாக்கு சென்னையில் எடுக்கப்பட்ட கட்சி முடிவோடு போனது. தொகுதியின் வாக்கு கட்சியின் வாக்காக மாறிவிட்டால், தொகுதிக்கென்று பேரம் பேச ஆள் இல்லாமல் போகிறது.

வேல்ஸ் தன்னாட்சி பெற்ற விதமும் கவனிக்கத்தக்கது. 1979 மார்ச் 1 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேர் தன்னாட்சிச் சபை வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பரில் மீண்டும் கேட்டபோது 50.3 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், வித்தியாசம் 6,721 வாக்குகள்தான். 2011-இல் சபைக்கு முழுச் சட்டமியற்றும் அதிகாரம் வேண்டுமா என்று கேட்டபோது 63.5 சதவீதம் ஆதரவு. மக்களிடம் நேரடியாகக் கேட்டதால் முடிவை எந்த லண்டன் கட்சியாலும் எளிதில் திருப்ப முடியவில்லை.

கோவா நடந்த வழி

இந்தியாவுக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது. கோவாவும் ஐரோப்பியக் காலனியாக இருந்தது, 1963 சட்டத்தின் கீழேயே சட்டமன்றம் பெற்றது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களிடம் கேட்கப்பட்டது. சுமார் 34 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் மக்கள் மறுத்தார்கள். சுதந்திர இந்தியாவில் ஒரு பகுதியின் மாநில இணைப்பு பற்றி மக்கள் நேரடியாக வாக்களித்த அரிய நிகழ்வு அது. அதன் பிறகு கொங்கணிக்கு ஆட்சிமொழி அந்தஸ்து கேட்டு நடந்த இயக்கம் 1987 பிப்ரவரியில் வென்றது. அதே ஆண்டு மே 30 அன்று கோவா மாநிலமானது.

இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, மிசோரம், அருணாசலம் என 1963 சட்டத்தின் கீழ் அல்லது யூனியன் பிரதேசமாக இருந்த பலவும் மாநிலங்களாகிவிட்டன. மக்கள் தொகை குறைவு என்ற காரணம் நிற்காது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி 12.48 லட்சம், மிசோரம் 10.97 லட்சம், சிக்கிம் 6.1 லட்சம். பரப்பளவு சிறியது என்பது உண்மை. சுமார் 490 சதுர கிலோமீட்டர், அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. விழுப்புரம் நெடுஞ்சாலையில் அரியூர் தாண்டினால் தமிழ்நாட்டுக் கண்டமங்கலம், அதைத் தாண்டித் திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மீண்டும் புதுச்சேரி. இந்தச் சிதறல் நிர்வாகத்துக்குச் சிரமம். ஆனால் அந்தச் சிரமத்தை அன்றாடம் சமாளிப்பவர்கள் உள்ளூர் அரசும் உள்ளூர் மக்களும்தான், டெல்லி அல்ல.

மறுப்போர் எழுப்பும் நிதிக் கேள்வி கனமானது. சொந்த வருவாயில் மதுவும் எரிபொருள் வரியும் பெரும் பங்கு வகிக்கின்றன. 2007-இல் தனிப் பொதுக் கணக்கு தொடங்கியது முதல் கடன் சுமை புதுச்சேரியின் தோளில் ஏறியது. யூனியன் பிரதேசம் என்ற நிலையில் கிடைக்கும் மத்திய உதவி மாநிலமானதும் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. ஆனால் மாநிலமானால் நிதிக்குழுவின் வரிப் பகிர்வு உரிமையாகக் கிடைக்கும். பழைய கடனுக்கு என்ன தீர்வு, மாற்றக் காலத்தில் எவ்வளவு உதவி என்பவற்றை மாநில அந்தஸ்துச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அந்த விவாதத்தை எந்தக் கட்சியும் விரிவாக மக்கள் முன் வைக்கவில்லை என்பதுதான் குறை.

உள்ளே இருக்கும் கேள்விகள்

டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் புதுச்சேரி, தன் கீழ் இருப்பவர்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும். 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால், தலைநகரிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி நாகப்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது. தன்னைத் தலைநகர் கவனிப்பதில்லை என்று அங்குள்ளோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், தனி யூனியன் பிரதேசக் கோரிக்கையும் அங்கிருந்து எழுந்திருக்கிறது. தெலுங்கு பேசும் ஏனாமுக்கும் மலையாளம் பேசும் மாகேவுக்கும் மாநில அந்தஸ்தில் தங்கள் இடம் என்ன என்ற கவலை உண்டு.

கொம்யூன் பஞ்சாயத்துகளின் நிலை இன்னும் வருத்தமானது. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006-இல் ஒரு முறை நடந்தது, பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, அதற்குப் பிறகு மீண்டும் நீண்ட இடைவெளி. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், பாகூர், அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகம் செய்யும் நிலை நீடித்தது. கீழூரில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நகராட்சி உறுப்பினர்களே. அந்த அடித்தள அமைப்பை முடக்கிவைத்துக்கொண்டு மேலே உரிமை கேட்பதில் முரண்பாடு இருக்கிறது. தன் கொம்யூன்களுக்குத் தேர்தல் நடத்தும் புதுச்சேரியின் கோரிக்கைக்கு டெல்லியில் கூடுதல் வலு இருக்கும்.

முன்னால் இருக்கும் வழிகள்

மாநில அந்தஸ்து தருவது நாடாளுமன்றத்தின் சட்டத்தால் மட்டுமே முடியும். சட்டமன்றத் தீர்மானம் ஒரு விண்ணப்பம், அதற்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை. எனவே புதுச்சேரியின் பலம் மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும்.

முதலாவது, நாடாளுமன்றத் தேர்தலை மாநில அந்தஸ்துத் தேர்தலாக மாற்றுவது. எந்தக் கட்சியின் வேட்பாளரானாலும், வென்றதும் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவருவேன், நம்பிக்கை வாக்கெடுப்பிலும் இதைப் பேசுவேன் என்று தொகுதிக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும் என வாக்காளர் கேட்கலாம். 1980-இல் இணைப்பு எதிர்ப்பை முன்வைத்து வாக்களித்த மக்களுக்கு இது புதிதல்ல. 2024-க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மக்களவை அமைந்திருப்பதால், ஒற்றை வாக்குக்கும் மதிப்பு திரும்பியிருக்கிறது.

இரண்டாவது, மக்களின் விருப்பத்தை முறையாக அறிய வைப்பது. 1956 உடன்படிக்கை சொன்ன அந்தக் கொள்கையை, கோவாவில் 1967-இல் செய்ததுபோல், நான்கு பிராந்தியங்களிலும் கருத்து வாக்கெடுப்பாக நடத்தக் கோரலாம். காரைக்கால், ஏனாம், மாகே மக்களின் குரலும் அதில் தனித்தனியாகப் பதிவாகும். முடிவு எதுவாக இருந்தாலும் அது கட்சிகளின் பேரத்துக்கு மேற்பட்டதாக நிற்கும்.

மூன்றாவது, முழு மாநில அந்தஸ்துக்கு முன்பே 1963 சட்டத்தைத் திருத்தக் கோருவது. நியமன உறுப்பினர்களை அமைச்சரவையின் பரிந்துரையின்படியே நியமிக்க வேண்டும், நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்குரிமை கூடாது, பட்ஜெட்டுக்கு முன் ஒப்புதலைக் காலக்கெடுவோடு தர வேண்டும், நிதிக்குழுவின் ஆய்வு வரம்புக்குள் புதுச்சேரியைச் சேர்க்க வேண்டும் என்பவை எளிய திருத்தங்கள். டெல்லிக்கு மக்கள் அனுப்பும் உறுப்பினர் இந்த நான்கையும் ஒரே மசோதாவில் வைத்தால், மாநில அந்தஸ்தை ஆதரிப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு தேசியக் கட்சியும் அவையில் கையைத் தூக்கியோ இறக்கியோ தன் நிலையைக் காட்டியாக வேண்டும்.